மாடஸ்டி பிளைஸி (1966) திரைப்படம்: புதிய வாசகர்களுக்குக் காட்டலாமா? வேலூர் வட்டார நண்பர்களின் கருத்து தேவை

குடியாத்தம் வாசகர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வேலூர், குடியாத்தம், இராணிப்பேட்டை பகுதிகளைச் சேர்ந்த சித்திரக்கதை வாசகர்கள் சிலர் அவ்வப்போது ஒருவர் வீட்டில் கூடிப் பேசுவது வழக்கம். சென்ற கூட்டத்தில், ஜோசப் லோசி இயக்கி 1966இல் வெளிவந்த மாடஸ்டி பிளைஸி திரைப்படத்தைச் சேர்ந்து பார்த்தோம். படம் முடிந்ததும் அறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. இளவரசி என்று வாசகர்கள் அழைக்கும் மாடஸ்டிக்கு இழைக்கப்பட்ட அநீதி இது என்று ஒரு சாராரும், சித்திரக்கதையைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் இந்த அளவுக்குத் துணிந்தவர்கள் மிகச் சிலரே என்று மறு சாராரும் வாதிட்டார்கள். இரு தரப்பிலும் விவரம் அறிந்தவர்கள் இருந்ததால், எந்தப் பக்கம் சாய்வது என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

சிவகாசியிலிருந்து 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழே மாடஸ்டியின் சாகசம்தான். அதைப் பள்ளி நாட்களில் படித்து வளர்ந்த எங்களில் பலருக்கு, அவர் இலண்டன் நாளிதழ் ஒன்றில் பிறந்த கதாபாத்திரம் என்பதே வெகு காலம் கழித்துத்தான் தெரியவந்தது. அந்த நெருக்கம் படத்தை நேர்மையாக மதிப்பிடவிடாமல் எங்களைத் தடுக்கிறதா என்ற ஐயம் எனக்கு உண்டு.

அடுத்த கூட்டத்துக்கு மாடஸ்டி கதை எதையுமே படித்திராத கல்லூரி மாணவர்கள் சிலர் வர இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டுவது சரியா? காட்டுவதென்றால், கதையைப் படிக்கக் கொடுப்பதற்கு முன்பா, பின்பா? மூலத்திலிருந்து விலகிச் செல்வது தன்னளவிலேயே ஒரு குறையாகுமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கம்மவான்பேட்டை, ஓய்வுபெற்ற படைவீரர்:

வணக்கம் ஐயா. அந்தக் கூட்டத்தில் கடுமையாகப் பேசியவர்களில் நானும் ஒருவன் என்பதால், என் காரணத்தை இங்கே பொறுமையாக எழுதுகிறேன். படம் விசித்திரமாக இருப்பது எனக்கு உறுத்தவில்லை. வண்ணங்களும், விந்தையான உடைகளும், நடுநடுவே வரும் வேடிக்கைகளும் இருந்துவிட்டுப் போகட்டும். மாடஸ்டிக்கும் அவருடைய கூட்டாளியான வில்லி கார்வினுக்கும் இடையிலான உறவில் கை வைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1963 மே மாதம் ஈவினிங் ஸ்டாண்டர்டு நாளிதழில் தொடங்கிய இந்தத் தொடரை, 2001இல் அது முடியும்வரை பீட்டர் ஓ'டோனலே எழுதினார். முதல் ஓவியரான ஜிம் ஹோல்டவே 1970இல் மறைந்தபின் என்ரிக் ரொமேரோவும், இடையே வேறு சில ஓவியர்களும் வரைந்தார்கள், முகச்சாயல்கூட மாறியது. ஆனால் அத்தனை ஆண்டுகளிலும் ஓ'டோனல் ஒன்றை மட்டும் மாற்றவே இல்லை. சிறையில் கிடந்த தன்னை மீட்டு, தன்மீது நம்பிக்கை வைத்து வேலை கொடுத்த மாடஸ்டிக்காக வில்லி உயிரையும் கொடுப்பார். ஆயினும் அவர்கள் காதலர்கள் அல்லர். அவரவர் வாழ்க்கையில் வேறு துணைகள் வருவார்கள், போவார்கள். ஆபத்து வந்தால் மட்டும், ஒரு சொல்லும் பேசாமலேயே ஒருவர் எங்கே நிற்பார் என்று மற்றவருக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இராணுவத்தில் பணியாற்றியவர்கள் உண்டு. எல்லையில் ஒன்றாகக் காவல் நின்றவர்களுக்கு இடையே உருவாகும் பிணைப்பை வெளியில் இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம். அதை உறவு என்றும் சொல்ல முடியாது, வெறும் நட்பு என்றும் சொல்ல முடியாது. ஒரு பெண்ணுக்கும் ஓர் ஆணுக்கும் இடையே அப்படிப்பட்ட பிணைப்பு இருக்க முடியும் என்று எனக்கு முதலில் காட்டியவை இந்தக் கதைகள்தான். படத்திலோ மாடஸ்டியாக வரும் மோனிகா விட்டியும் வில்லியாக வரும் டெரன்ஸ் ஸ்டாம்பும் சேர்ந்து காதல் பாட்டுப் பாடுகிறார்கள். அந்த ஒரு காட்சியோடு, இந்தத் தொடரை மற்ற சாகசக் கதைகளிலிருந்து வேறுபடுத்திய தன்மை போய்விட்டது.

இதில் ஓ'டோனலுக்கும் உடன்பாடில்லை. அவர் எழுதிக் கொடுத்த திரைக்கதை பலர் கைகளால் திருத்தி எழுதப்பட்டு, கடைசியில் அவருடைய வசனங்களில் ஒன்றே ஒன்றுதான் படத்தில் எஞ்சியது என்று அவரே சொல்லியிருக்கிறார். தம் திரைக்கதையை அவர் நாவலாக எழுதி 1965இல், அதாவது படம் வருவதற்கு முன்பே, வெளியிட்டார். மாணவர்களுக்குக் கொடுப்பதென்றால் அந்த நாவலைக் கொடுங்கள். படத்தைக் காட்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

காட்பாடியில் வடிவமைப்புப் படிக்கும் மாணவர்:

ஐயா, வில்லியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் அந்தக் கதைகள்மீது எனக்கு மதிப்பு கூடியிருக்கிறது. இருந்தாலும் படத்தைக் காட்டவே வேண்டாம் என்ற முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. லோசி எடுத்துக்கொண்டது மாடஸ்டியின் கதையை அன்று. கட்டம் கட்டமாகக் கதை சொல்லும் அந்த வடிவத்தையே அவர் திரைக்குக் கொண்டுவர முயன்றார் என்று நான் நினைக்கிறேன்.

நாளிதழ்த் தொடரில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே வெண்மையான ஒரு சிறு இடைவெளிதான் இருக்கிறது. அந்த இடைவெளியில் ஊர் மாறலாம், பொழுது மாறலாம், ஆள் உடை மாற்றிக்கொண்டு வந்து நிற்கலாம். வாசகர் யாரும் காரணம் கேட்பதில்லை. இந்தப் படத்தில் மாடஸ்டியின் உடையும் கூந்தலின் நிறமும் ஒரே காட்சிக்குள் எந்த விளக்கமும் இல்லாமல் மாறுகின்றன. முதல் முறை பார்த்தபோது படத்தொகுப்பில் நேர்ந்த பிழை என்றே பலர் எண்ணுவார்கள். மாடஸ்டியின் சித்திரக்கதையே படத்துக்குள் தலைகாட்டுவதையும் சேர்த்துப் பார்த்தால், இவை திட்டமிட்டுச் செய்யப்பட்டவை என்பது புரியும். கண்ணை ஏமாற்றும் ஆப் ஆர்ட் கோலங்களால் சிறையறையின் சுவர்களை நிரப்பியிருக்கும் காட்சியை, சட்டகத்துக்குச் சட்டகம் நிறுத்தி நான் வரைந்து பழகியிருக்கிறேன். ஓவியத்தின் தட்டையான பரப்பும் ஒளிப்படத்தின் ஆழமும் ஒன்றோடொன்று மோதும் இடம் அது.

காலத்தையும் கருத வேண்டும். ஜேம்ஸ் பாண்டு படங்கள் 1962இல் தொடங்கி, உளவாளிக் கதைகள் உலகெங்கும் கொடிகட்டிப் பறந்த நேரம். அமெரிக்காவில் இடதுசாரி என்ற ஐயத்தின்பேரில் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டு இங்கிலாந்துக்கு வந்துவிட்ட லோசி, அந்த வகைப் படங்களை உள்ளிருந்தே கேள்விக்கு உட்படுத்தினார். டிர்க் போகார்டு நடித்த கேப்ரியலைக் கவனியுங்கள். வெள்ளி நிறப் பொய்முடியும் கைக்குடையுமாக வரும் அந்த வில்லன், கொலையைக் கண்டால் மனம் நோகிறான்; செலவு கூடினால் தன் கணக்காளரிடம் முறையிடுகிறான். குற்றத்தை ஒரு வணிக நிறுவனமாகக் காட்டும் அந்தப் பார்வை இன்றைக்கும் கூர்மையாக இருக்கிறது. படம் அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றதில் எனக்கு வியப்பில்லை. ஆம்ஸ்டர்டாமில் நடக்கும் பகுதியில் கதையோட்டம் குழம்புகிறது என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

வடிவத்தை இப்படிப் பற்றிக்கொண்டு பின்னாளில் பாராட்டுப் பெற்ற படங்கள் உண்டு. வாரன் பீட்டி 1990இல் இயக்கிய டிக் டிரேசி, பழைய நாளிதழ் அச்சில் வருவதுபோல் மிகச் சில வண்ணங்களை மட்டுமே பயன்படுத்தியது. அதன் கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. அதைவிட 24 ஆண்டுகள் முன்னதாகவே லோசி அந்தத் திசையில் நடந்திருக்கிறார்.

ஆம்பூர் வாசகி:

இருவரும் எழுதியவற்றைப் படித்தேன். என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது.

தம்பி, உடை மாறுவதைக் கட்டம் மாறுவதாக நீங்கள் பார்க்கிறீர்கள். அது அழகான விளக்கம்தான். ஆனால் அந்த விளக்கம் ஏன் மாடஸ்டியின் உடலுக்கு மட்டும் பொருந்துகிறது என்று யோசித்துப் பாருங்கள். வில்லியின் உடையோ கேப்ரியலின் முடியோ அப்படிக் கண்சிமிட்டும் நேரத்தில் மாறுவதாக நான் பார்க்கவில்லை. வடிவத்தைப் பற்றிய சோதனை என்ற பெயரில், நாயகியை அலங்காரப் பொம்மையாக நிறுத்திவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

மாடஸ்டி எங்கிருந்து வந்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள். 1942இல் ஈரான் பகுதியில் இராணுவப் பணியில் இருந்த ஓ'டோனல், தன்னந்தனியாக நடந்துவந்த ஓர் அகதிச் சிறுமியைக் கண்டார். படைவீரர்கள் கொடுத்த உணவை உண்டுவிட்டு, அச்சமின்றி நிமிர்ந்து நடந்து போன அந்தச் சிறுமியின் நினைவிலிருந்துதான் பல ஆண்டுகளுக்குப் பின் மாடஸ்டி பிறந்தார். பெற்றோர் யாரென்று தெரியாமல், முகாம் முகாமாக அலைந்து, லோப் என்ற முதியவரைக் காப்பாற்றி, அவரிடமே கல்வி கற்று, டாஞ்சியர் நகரில் ஓர் அமைப்புக்கே தலைவியானவர் அவர். பணமும் சொகுசும் பின்னால் வந்தவை. கதைகளில் அவருடைய நிதானத்துக்குக் காரணம் அந்தக் குழந்தைப் பருவம்தான். பசியும் பயமும் பழகியவரை எந்த வில்லனும் எளிதில் மிரட்டிவிட முடியாது. நான் பதின்மூன்று பதினான்கு வயதில் அவரைப் படித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டதும் அதுவே. 1966 படத்தில் அந்தச் சிறுமியின் சுவடே இல்லை. அதனால் மோனிகா விட்டி எவ்வளவு திறமையான நடிகையாக இருந்தும், அவர் ஏற்ற மாடஸ்டிக்கு வேர் இல்லை.

படைவீரர் ஐயா, வில்லியோடு காதல் பாட்டு என்பது இதன் விளைவு என்றே நான் கருதுகிறேன். வேர் இல்லாத பாத்திரத்தைப் பார்வையாளர்களுக்கு நெருக்கமாக்க வேறு வழி தெரியாமல், காதலைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

ஸ்காட் ஸ்பீகல் இயக்கி, அலெக்சாண்டிரா ஸ்டாடன் நடித்து 2004இல் குறுந்தகடாக வெளிவந்த மற்றொரு படம் உண்டு. அதில் வில்லி கிடையாது, ஆடம்பரம் கிடையாது, பெரும்பகுதி ஒரே கட்டடத்துக்குள் நடக்கிறது. ஆனாலும் முகாமும், லோப்பும், அந்தச் சிறுமியும் இருக்கிறார்கள். கலை நுட்பத்தில் லோசியின் படத்துக்கு அருகில்கூட அது வராது. இருந்தும் என் மாடஸ்டி அதில்தான் இருக்கிறார்.

காட்பாடியில் படிக்கும் மாணவர்:

அக்கா, மாற்றம் நாயகிக்கு மட்டுமே நிகழ்கிறது என்ற உங்கள் கவனிப்பு வலுவானது. அறுபதுகளின் திரைப்படங்கள் கதாநாயகிகளை அலங்காரமாகவே நடத்தின என்பதையும் லோசி சேர்த்துக் கேலி செய்கிறார் என்று நான் வாதிடுவேன். கேலி செய்கிறவரே அதைச் செய்தும் காட்டிவிட்டார் என்று நீங்கள் சொன்னால், அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. கேப்ரியல் வரும் காட்சிகளுக்காகவேனும் படம் திரையிடப்பட வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

இராணிப்பேட்டை நண்பர்:

படிக்காதவர்களுக்கு முதலில் படத்தைக் காட்டினால், உடை மாற்றத்தைக் கண்டு குழம்புவார்களே தவிர, எதிலிருந்து விலகியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படம் அது. பாதியிலேயே கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். கதை முதலில், படம் பிறகு.

கம்மவான்பேட்டை, ஓய்வுபெற்ற படைவீரர்:

சகோதரி சொன்ன அகதிச் சிறுமியைப் பற்றித்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு ஒன்று மட்டும் கூறுகிறேன். வடிவத்தைப் போற்றுவதற்கு உறவைப் பலியிட வேண்டிய தேவை என்ன இருந்தது? கட்டங்களின் இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு, அந்தக் காதல் பாட்டை மட்டும் விட்டிருந்தால், உங்களோடு நானும் இந்தப் படத்துக்காக வாதாடியிருப்பேன். இராணிப்பேட்டை நண்பர் சொன்ன வரிசைக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

குடியாத்தம் வாசகர்:

அனைவருக்கும் நன்றி. மூலத்திலிருந்து விலகலாமா என்று பொதுவாகக் கேட்டிருந்தேன். எதை விட்டு விலகினார்கள் என்று பார்ப்பதே பயனுள்ளது என்பது உங்கள் பதில்களைப் படித்தபின் எனக்குத் தெளிவாகிறது. நேரியல் கதையிலிருந்து விலகியதை நான் வரவேற்கிறேன். வில்லியின் உறவிலும் மாடஸ்டியின் இளமையிலும் கை வைத்ததை என்னாலும் ஏற்க இயலவில்லை.

கூட்டத்தை இப்படி அமைக்க எண்ணுகிறேன். வரும் மாணவர்களுக்கு ஒரு வாரம் முன்பே ஆளுக்கொரு மாடஸ்டி இதழைக் கொடுத்துவிடலாம். கூட்டத்தன்று முதலில் 2004 படத்திலிருந்து லோப் வரும் பகுதி, அதன்பின் லோசியின் படம் முழுமையாக. சிறையறைக் காட்சியையும் கேப்ரியலையும் பற்றித் தம்பி பேசட்டும். வில்லியைப் பற்றிப் படைவீரர் ஐயா பேசுவார். ஆம்பூரிலிருந்து சகோதரியும் வர இயலுமானால் மிகவும் மகிழ்வோம். என்னிடம் உள்ள இதழ்கள் சில பக்கங்கள் கிழிந்த நிலையில் இருப்பதால், நல்ல நிலையில் மாடஸ்டி இதழ்கள் வைத்திருப்பவர்கள் இரவல் தர முடிந்தால் இங்கே தெரிவியுங்கள். வேலூர் பழைய பேருந்து நிலையத்துக்கு வந்து நானே வாங்கிக்கொள்கிறேன். அட்டை போட்டுத் திருப்பித் தருவது என் பொறுப்பு.