வீரியமா, கொல்திறனா, கடுமையா?

திருவாரூர் ஆசிரியர்:
அவைக்கு வணக்கம். தமிழ்வழி மாணவர்களுக்கான கணித உயிரியல் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ‘விருலென்ஸ்’ என்ற ஒரே சொல்லில் தேங்கி நிற்கிறேன். கிருமி தான் குடியிருக்கும் விலங்கை எவ்வளவு கெடுக்கிறது என்பதன் அளவு அது. ‘வீரியம்’ என்று எழுதினேன். வீரிய ஒட்டு விதை பார்த்து வளர்ந்த பிள்ளைகள், “கூடினால் நல்லதுதானே ஐயா?” என்கிறார்கள். பாடமோ ஆஸ்திரேலிய முயல்களைப் பற்றியது. 1950இல் அவற்றை ஒழிக்கப் பரப்பிய மிக்சோமா வைரஸ் முதலில் தொற்றிய முயல்களில் நூற்றுக்கு 99க்கு மேல் கொன்றது. சில ஆண்டுகளில் மிதமான வகைகளே மேலோங்கின.

குடந்தைப் புலவர்:
வீரியம் வடசொல், போகட்டும். கொல்களிறு, கொல்யானை என வினைத்தொகை இருக்கக் கவலை ஏன்? ‘கொல்திறன்’ என்க. கல்+தீது ‘கஃறீது’ ஆவதுபோல் ‘கொஃறிறன்’ என்று எழுதினால் இன்னும் சிறப்பு.

தஞ்சை நிரலர்:
புலவர் ஐயா, கொஃறிறனைக் கண்டால் மாணவன் தேர்வறையிலேயே மயங்கிவிடுவான். பொருளும் இடிக்கிறது. 1994இல் அமெரிக்க வீட்டுப் பிஞ்ச் குருவிகளிடம் ஒரு கண்நோய் தென்பட்டது. காரணம், கோழிகளிடம் இருந்த மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி. அது நேராகக் கொல்வது அரிது. இமை வீங்கி மூடிக்கொள்ளும். இரையும் தெரியாது, பூனை வருவதும் தெரியாது. அதற்குக் கொல்திறனா?
நோயுற்ற ஒரு விலங்கிடமிருந்து எத்தனை விலங்குகளுக்குத் தொற்றும் என்று கணக்கிட, சமன்பாட்டில் பரவல் வீதத்தை இயற்கைச் சாவு, நோய்ச்சாவு, குணமாதல் ஆகிய வீதங்களின் கூட்டுத்தொகையால் வகுக்கிறோம். நோய்ச்சாவு கூடினால் முயல் சீக்கிரம் செத்துப்போகும். கொசு கிருமியை எடுத்துப்போக நாள் கிடைக்காது. மிகக் குறைந்தாலோ தோலில் கிருமி போதாமல் பரவல் படுத்துவிடும். பரவலின் உச்சம் இடையில்தான்.

மன்னார்குடி கால்நடை மருத்துவர்:
கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தால் எங்கள் பக்கத்தில் “இந்தத் தடவை கடுமையாக அடித்துவிட்டது” என்பார்கள். ‘கடுமை’ போதாதா? கூடவே ஒன்று: கோடியக்கரைக்கு வரும் பறவைகளின் காய்ச்சலை ‘வலசைநோய்’ எனலாமா?

திருவாரூர் ஆசிரியர்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள் அம்மா, எனக்குத் திங்கள் நெருங்குகிறது.

குடந்தைப் புலவர்:
கடு என்றால் நஞ்சு! லத்தீனிலும் அச்சொல்லின் வேர் நஞ்சே. மருத்துவர் அறியாமலே வேரைத் தொட்டுவிட்டார். கடுகு, கடுக்காய், கடுப்பு பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

திருவாரூர் ஆசிரியர்:
மூவர் ஒப்பியதால் ‘நோய்க்கடுமை’ அச்சுக்குப் போகிறது. சமன்பாட்டில் ‘நோய்ச்சாவு வீதம்’. அடிக்குறிப்பில் வீரியம்.

தஞ்சை நிரலர்:
நான் ஒப்பவில்லை. நோய் முற்றியதையும் கடுமை என்கிறோம். அது நோயாளியின் நிலை, இது கிருமியின் குணம். என் நிரலில் நோய்ச்சாவு வீதத்துக்கு ‘ஆல்பா’ என்ற கிரேக்க எழுத்தே இருக்கும்.