வயடக்ட்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்புடையீர்,
ரிபிள்ஹெட் வயடக்ட் (viaduct: தூண்–வளைவு வரிசையின் மேல் பாதையை உயரே கொண்டுசெல்லும் நீண்ட பாலம்) பற்றிய பாடம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. இங்கிலாந்தில் செட்டில்–கார்லைல் ரயில் பாதையில் 1870இல் அதற்கு முதல் கல் வைத்தார்கள். 24 வளைவுகள், 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். 'மேம்பாலம்' என்றால் மாணவருக்குச் சாலைச் சந்திப்புதான் தோன்றும். 'ஆற்றுப்பாலம்' தவறு, கீழே கிடப்பது சதுப்பு. ஒரு சொல் தாருங்கள்.
– ந.

ந. அவர்களுக்கு,
'அதர்ப்பாலம்'. லத்தீன் 'வியா' வழி, அதரும் வழி. கால் (காற்று) வரும் அதர் காலதர் (சன்னல்), சிலம்பில் உண்டு. 'டக்ட்' செலுத்துதல் (உய்த்தல்) என்பதால் 'அதருய்ப்பு' இன்னும் நெருக்கம்.
– செ.

> அதருய்ப்பு

ஐயா, அதர் என்றதும் மாணவருக்கு அதரம் (உதடு)தான் நினைவுக்கு வரும். மக்கள் வாயிலேயே சொல் இருக்கிறது: கண், அதாவது பாலத்தின் ஒரு வளைவுத் திறப்பு. 'ஏழு கண் பாலம்' என்கிறோம். செங்கோட்டை–கொல்லம் பாதையில் கழுதுருட்டிப் பாலத்துக்கு 13 கண். ஆகவே 'பலகண் பாலம்'.
– மு.

மு. சொல்வது பாதி சரி. ஆற்றுப்பாலத்துக்கும் பல கண் உண்டே! வயடக்டின் வேலை தண்டவாள மட்டத்தைக் காப்பது. செட்டில்–கார்லைல் பாதையில் நூறடிக்கு ஓரடிக்கு மேல் ஏற்றம் கூடாது. பள்ளத்தில் இறங்கி ஏற முடியாது. மண்கரை போட்டால் உயரம் கூடக்கூட அடி அகலும், சதுப்பில் அமிழும். அதனால் பாறை வரை தோண்டிச் சுண்ணக்கல் தூண்கள், மேலே செங்கல் வளைவுகள்.

ஒவ்வொரு வளைவும் இருபுறத் தூண்களையும் வெளியே தள்ளும். பக்கத்து வளைவு எதிர்த்துத் தள்ளுவதால்தான் தூண் நிற்கிறது. ஒன்று விழுந்தால் வரிசையாகச் சரியும். எனவே ஒவ்வோர் ஆறாவது தூணையும் தடிப்பாகக் கட்டினார்கள். சரிவு அங்கே நிற்கும். இதற்கு 'காவல்தூண்' என்று எழுதுங்கள். நீர்காப்பு கெட்டு, உள்ளே இறங்கிய மழைநீர் உறைந்து விரிந்து சாந்தைத் தளர்த்தியதையும் சேருங்கள். 1985இல் அங்கே ஒற்றைத் தடமாக்கியதும், பாதையையே மூட முனைந்து 1989இல் கைவிட்டதும் அதன் பிறகுதான்.

என் பரிந்துரை: 'பள்ளத்தாக்குப் பாலம்'.
– இரா.

> பள்ளத்தாக்குப் பாலம்

நகருக்குள் வீட்டுக் கூரைகளுக்கு மேல் போகும் வயடக்டுகளுக்கு இது பொருந்தாதே?
– மு.

காவல்தூண் அருமை, எடுத்துக்கொண்டேன். பாலத்துக்கு மு. சொன்ன 'பலகண் பாலம்'. முதல் இடத்தில் மட்டும் 'வயடக்ட்' பக்கத்தில் வரும்.
– ந.

பலகண் என்றால் பலகணி, அதாவது சன்னல். நான் உடன்படவில்லை. அதர்ப்பாலம் அடிக்குறிப்பிலாவது வரட்டும்.
– செ.