ஒரே ஏர்லைன்ஸா, கிடைக்கிற நேரடி விமானமா?

கைப்பெட்டி:
வேலைக்காக அடிக்கடி பறப்பவர்கள் பல ஏர்லைன்ஸ் சேர்ந்த ஒரே கூட்டணியைப் பிடித்துக்கொள்வதுதான் சரி. பறக்கப் பறக்கச் சேரும் மைல் புள்ளிகளை விடுங்கள், அடிக்கடி பறப்பவருக்குத் தரும் உறுப்பினர் தகுதியான ஸ்டேட்டஸ்தான் முக்கியம். ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியில் கோல்டு ஸ்டேட்டஸ் வந்துவிட்டால் எகானமி டிக்கெட்டிலேயே லவுஞ்ச், கூடுதல் லக்கேஜ், முன்னுரிமை வரிசை எல்லாம் உண்டு.

நேர்வழி:
அந்தக் கோல்டுக்காக நேரடி விமானத்தை விட்டுவிட்டு நடுவில் இறங்கி ஏறுகிறீர்களே, போகிற நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? முதல் விமானம் தாமதமானால் அடுத்ததும் போச்சு, காலை மீட்டிங்கும் போச்சு. மைல் கணக்கும் பழையபடி இல்லை. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த தூரத்துக்கு மைல் கொடுத்தார்கள். 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும் டிக்கெட் விலையை வைத்துத்தான் மைல் என்று மாற்றின. மறு ஆண்டு அமெரிக்கனும் மாற்றியது.

கைப்பெட்டி:
புயலில் விமானம் ரத்தாகும் இரவை நினைத்துப் பாருங்கள். கவுண்டரில் நீண்ட வரிசை, அடுத்த விமானத்தில் ஒன்றிரண்டு சீட். கோல்டு அட்டைக்காரருக்கு வெயிட்டிங் லிஸ்டில் முன்னுரிமை. அன்று ஒரு நாள் போதும்.

நேர்வழி:
ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானத்தைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு. எந்த அட்டையும் கேட்க மாட்டார்கள்.

கைப்பெட்டி:
புயலுக்கு அந்த இழப்பீடு கிடையாது, நண்பரே. நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்று சொல்லிவிடுவார்கள்.

எழுத்துக்கூட்டி:
ஒன்றை இருவருமே விட்டுவிட்டீர்கள். பறக்கும் ஏர்லைன்ஸும் மைல் சேரும் திட்டமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஸ்டார் அலையன்ஸில் இருக்கும் யுனைடெட்டின் சொந்தக் கோல்டு உறுப்பினர் அமெரிக்காவுக்குள் மட்டும் பறந்தால், அந்த ஸ்டேட்டஸை வைத்து லவுஞ்சுக்குள் போக முடியாது. அதே விமானத்தில் வேறு ஏர்லைன்ஸின் ஸ்டார் கோல்டு அட்டையோடு வருபவருக்கு அனுமதி உண்டு. ஆனால் டிக்கெட்டில் வகுப்பைக் குறிக்கும் அந்த ஒற்றை எழுத்தை முதலில் பாருங்கள். மலிவான வகுப்புகளுக்குக் கூட்டாளி ஏர்லைன்ஸின் மைல் திட்டங்களில் பல நேரம் கால் பங்கு மைல்தான், சிலவற்றில் சுத்தமாக எதுவும் சேராது. அலுவலகம் போடுவதோ பெரும்பாலும் அந்த டிக்கெட்தான்.

நேர்வழி:
அதனால்தான் சொல்கிறேன். சிலர் கோல்டை எட்டுவதற்காக விலை கூடிய டிக்கெட்டைக் கேட்டு வாங்குகிறார்கள். கம்பெனி பணம், மைல் மட்டும் இவர்கள் கணக்கில். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

கைப்பெட்டி:
அதை நானும் ஏற்கவில்லை. விலையும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மட்டும் என் கூட்டணிக்குப் போகிறேன். அப்போதும் வேண்டாம் என்பீர்களா?