குவீன்ஸ் கேம்பிட்டில் பத்தாவது நகர்த்தலுக்கு மேல் தடுமாறுகிறேன்

சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களுடன் குவீன்ஸ் கேம்பிட் என்ற தொடக்கத்தின் எக்ஸ்சேஞ்ச் வகையை ஆடுகிறேன். டி4, சி4, அப்புறம் டி5-இல் சிப்பாய் மாற்றம், பிஷப் ஜி5. பத்து நகர்த்தல் வரை ஒரு குறையும் இல்லை. அதன்பின் என்ன செய்வதென்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இணையத்தில் பத்து நிமிட ஆட்டங்கள், ரேட்டிங் 1250 பக்கம். ஏழு மாதமாக அங்கேயே நிற்கிறது.

வரிசைகளை மனப்பாடம் செய்தேன், பலனில்லை. சரி, பழைய மாஸ்டர் ஆட்டங்களைப் பார்க்கலாம் என்று 1927 காபாபிளாங்கா–அலெகைன் உலகப் பட்டப் போட்டிக்குப் போனேன். 34 ஆட்டங்களில் 32 குவீன்ஸ் கேம்பிட் டிக்லைன்ட் (கறுப்பு சி4 சிப்பாயை வெட்டாமல் விடும் வகை)! பாதியிலேயே கண்ணைக் கட்டிவிட்டது. அடுத்து 1952 மாஸ்கோ, போட்வின்னிக்–கெரஸ் ஆட்டம். அதைப் பலகையில் வைத்து நான்கு முறை ஆடிப் பார்த்தேன். போட்வின்னிக் யானையை (ரூக்) பி1-க்கு நகர்த்தி, பி சிப்பாயைத் தள்ளப்போவது போலக் காட்டிவிட்டு, திடீரென்று எஃப்3, இ4 என்று சிப்பாய்களோடு நடுவில் இறங்குகிறார். பார்க்க அழகு. ஆனால் எப்போது பி4, எப்போது எஃப்3 என்பது மட்டும் பிடிபடவில்லை.

என் ஆட்டத்தில் பி5 வரை தள்ளுவதற்குள் கறுப்புக் குதிரை இ4-இல் வந்து உட்கார்ந்து, என் ராஜா பக்கம் தாக்குதல் தொடங்கிவிடுகிறது. எஃப்3 ஆடினால் இ3 சிப்பாய் பலவீனமாகிறது. எஞ்சின் (சதுரங்கக் கணினி நிரல்) இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் தருகிறது, காரணம் சொல்வதில்லை.

குதிரையை எஃப்3-இல் வைப்பதா, இ2-இல் வைப்பதா என்பதுதான் இந்த முடிவைத் தீர்மானிக்கிறதா, அல்லது கறுப்பின் அமைப்பில் நான் கவனிக்க வேண்டியது வேறா?