செத்த உடம்பு எப்படி நடக்கும்? ஜாம்பி கதைக்கு ஒரு சந்தேகம்

இரவுவாசகன்:
ஒரு திகில் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், மூன்றாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். செத்து இரண்டு நாளான ஒருவன் எழுந்து வந்து கதவைத் தள்ளுகிறான் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. மூச்சு இல்லை, ரத்தம் ஓடவில்லை, அப்புறம் தள்ளுவதற்குப் பலம் எங்கிருந்து வரும்? "கதைதானே" என்று விட மனம் வரவில்லை. இதற்கு ஏதாவது வழி உண்டா?

தசைநார்:
இல்லை. தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, சுருங்கியது தளர்வதற்கும் ஏடிபி வேண்டும், அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு. மயோசின் என்ற புரதம் ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கும், புதிதாக ஒரு ஏடிபி வந்து ஒட்டினால்தான் அந்தப் பிடி விடும். இறந்தபின் ஆக்ஸிஜன் வராது, இருக்கிற ஏடிபி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், பிடித்தது பிடித்தபடியே நின்றுபோகும். பிணம் விறைப்பது இதனால்தான். இமை, தாடை, கழுத்து என்று முதலில் தெரிய ஆரம்பித்து சுமார் 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்கக் கட்டையாகிவிடும், மடங்கிய முழங்கையை நீட்ட இன்னொருவர் அழுத்தி இழுக்க வேண்டியிருக்கும். உங்கள் ஆள் இரண்டாம் நாள் வருகிறான் இல்லையா, அப்போது விறைப்பு விட ஆரம்பித்திருக்கும்தான், ஆனால் தசைப் புரதமே சிதைவதால் விடுகிறது. அந்தத் தசையை வைத்து விரலைக்கூட அசைக்க முடியாது.

கரும்பலகை:
ஈக்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வெயில் காலத்தில் வெளியே கிடக்கும் உடலில் சில மணி நேரத்துக்குள் ஈ முட்டையிட்டுவிடும், அதுவும் கண், மூக்கு, வாய், காயம் இந்த இடங்களில்தான் முதலில். ஒரு நாளில் புழு வந்துவிடும். மாதக்கணக்கில் தெருவில் அலையும் கூட்டத்துக்குக் கண்ணும் உதடும் மிஞ்சாது.

இரவுவாசகன்:
எறும்பை ஆட்டிவைக்கும் பூஞ்சை ஒன்று இருக்கிறதே, அது?

தசைநார்:
ஒஃபியோகார்டிசெப்ஸ். அது நடக்கவைப்பது உயிருள்ள எறும்பைத்தான். எறும்பு இலை நரம்பைக் கவ்விய பிறகு சாகும், செத்த பிறகு ஓர் அடிகூட எடுத்து வைக்காது. 2017-இல் வந்த ஓர் ஆய்வில் பூஞ்சை தசை நார்களைச் சுற்றி வலைபோலப் படர்ந்திருந்தது, மூளைக்குள் நுழையவில்லை. ரேபிஸும் அப்படித்தான், உயிரோடு இருக்கும் உடம்புதான் அதற்கு வேண்டும். கடித்த பத்து நொடியில் மாறுவதையும் விட்டுவிடுங்கள். ரேபிஸ் கிருமி நரம்பு வழியாக மெல்ல ஏறி மூளையை அடைய பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் ஆகும்.

மழைத்துளி:
எனக்கு இதில் உடன்பாடில்லை. புதைத்தவன் திரும்பி வருகிறான் என்பதுதான் பயமே. நோயாளியாக்கினால் அது தொற்றுநோய்க் கதை, ஜாம்பி கதை இல்லை.

இரவுவாசகன்:
நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் தசைநார் எழுதியதைப் படித்தபின் பிணத்தை என்னால் நம்பி எழுத முடியாது. அவனைச் சாகடிக்காமலே விடுகிறேன். கதவைத் தள்ளும்போது அந்தப் பக்கம் மூச்சிரைக்கும் சத்தம் கேட்கட்டும்.

கரும்பலகை:
மூச்சு இருந்தால் தாகமும் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். ரேபிஸ் முற்றியவர் தண்ணீரை வாயருகே கொண்டுபோனாலே தொண்டைத் தசை இறுகிவிடும், விழுங்க முடியாது. அறிகுறி தெரிந்த பிறகு பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மரணம்தான். அப்படிப்பட்ட நோய் என்றால் உங்கள் கதவு அதுவரை தாங்கினால் போதும்.