ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதும் தோட்டப் பிள்ளைகளை வேலைக்குத் தயார்படுத்துவது எப்படி?

கேள்வி: பொகவந்தலாவை ஆசிரியை

தரம் 10, 11 பிள்ளைகளின் தொழில் வழிகாட்டல் என் பொறுப்பு. ஏ.எல். (உயர்தரம்) போகாதவர்கள் நேரே கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு பிள்ளை காது கேட்கும் கருவி போட்டிருக்கிறாள். இன்னொருவனுக்கு எழுத்து, வாசிப்பு மெதுவாகத்தான் வரும், கைவேலையில் கெட்டிக்காரன். இவர்களுக்குத் தனிப் பயிற்சி நிலையம்தான் தேட வேண்டுமா? பெறுபேறு வந்தபின் தொடங்கினால் போதுமா?

பதில்: ஹட்டன், தொழில் வழிகாட்டல்

போதாது மிஸ். தரம் 10இலேயே கடதாசி வேலையை முடியுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் பாடசாலை இடாப்பிலும் பெயர், பிறந்த திகதி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அங்கே ஒரு முதலெழுத்து மாறியிருந்தாலும் பிறகு எல்லாச் சான்றிதழிலும் இடிக்கும். 15 வயதானதும் அதிபர் மூலம் அடையாள அட்டைக்குப் போடலாம்.

விண்ணப்பத்தில் லயத்து (தோட்டக் குடியிருப்பு) விலாசத்தை மட்டும் எழுதாதீர்கள். கடிதம் தோட்டக் காரியாலயத்தில் கிடந்து, நேர்முகம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். பாடசாலை விலாசமும் இரண்டு போன் நம்பரும் கொடுங்கள்.

ஓ.எல். சித்தியில்லாவிட்டாலும் 13 வருட உத்தரவாதக் கல்வியில் தரம் 12 தொழிற்பிரிவு உண்டு. எல்லாப் பாடசாலையிலும் இல்லை, வலயக் கல்விக் காரியாலயத்தில் விசாரிக்க வேண்டும். வீ.டி.ஏ., நைட்டா என்ற அரச தொழிற்பயிற்சி நிலையங்கள் என்றால் முதலில் மொழியைக் கேளுங்கள். 'தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்' என்பது பதிலே இல்லை. வகுப்பு, கையேடு, மதிப்பீடு மூன்றும் தமிழில் நடக்குமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பாதியில் நிற்கிற பிள்ளைகளில் பலருக்கு மொழிதான் காரணம், பெற்றோர் அதைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தனியார் நிலையமாக இருந்தால் பாடநெறி முடிவில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் வருமா, எத்தனையாம் மட்டம் என்பதையும் பணம் கட்டுமுன் பாருங்கள்.

பதில்: பண்டாரவளை, சமூக சேவை

வத்தேகம, சீதுவ போன்ற இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக சேவைகள் திணைக்களத்தின் பயிற்சி நிலையங்கள் உண்டு; பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்கலாம். ஆனால் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சாதாரண நிலையமே சரிவரும்.

வாசிப்பு மெதுவான பையனுக்கு வகுப்பறையை விட வேலைத்தளப் பயிற்சிதான் பொருத்தம். உதாரணமாக ஹோட்டலில் கட்டில் விரிப்பது. 'ரூமை ரெடி பண்ணு' என்றால் அவனுக்குப் பிடிபடாது. பழைய விரிப்பை எடு, மெத்தையைப் பார், புது விரிப்பைப் போடு, தலைப்பக்க மூலையை மடி என்று ஏழெட்டுப் படியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அந்த அறையிலேயே எடுத்த போட்டோவை அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். முதல் வாரம் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும், அடுத்த வாரம் கடைசிப் படிகளைத் தனியே விடலாம். சுப்பவைசர் மாறும்போதுதான் எல்லாம் குழம்பும். புதியவருக்கு அந்தப் போட்டோவைக் காட்டிக் கொடுப்பது உங்கள் வேலை, பையனுடையது அல்ல.

அரச வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 வீத ஒதுக்கீடு 1988 சுற்றுநிருபத்திலிருந்தே இருக்கிறது. காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான், அதை நம்பிப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம்.

பதில்: நுவரெலியா, ஹோட்டல் பயிற்சி

பஸ்ஸை மறந்துவிட்டீர்கள். ஷிப்ட் காலை 6 மணிக்கு, தோட்டத்து முதல் பஸ் ஆறரைக்கு என்றால் பிள்ளை ஒரு மாதம்கூட நிற்காது. இடம் பேசும்போதே தங்குமிடம் அல்லது பிந்திய ஷிப்ட் கேளுங்கள். 18 வயதாகாதவர்களை ஆபத்தான வேலையில் போடக் கூடாது என்பது சட்டம், பயிற்சி ஒப்பந்தத்தில் என்ன வேலை என்று எழுதி வாங்குங்கள்.

கேட்டவர்

நன்றி. காது கருவிப் பிள்ளைக்குப் பேக்கரிதான் ஆசை. முடியுமா?

பதில்: பண்டாரவளை, சமூக சேவை

தாராளமாக. போரணை மணியோடு ஒரு பல்பும் எரியும்படி எலக்ட்ரீஷியன் செய்து தருவார். மா பிசையும் மெஷினை அவள் வாசலைப் பார்த்தபடி நிற்கும் இடத்தில் வையுங்கள், யார் வந்தாலும் தெரியும். மாஸ்க் போட்டால் உதட்டசைவு தெரியாது. 'நிறுத்து', 'சூடு', 'எடு' மூன்றுக்கும் கைச்சாடை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

கருவிக்குத்தான் அங்கே ஆபத்து. மாத்தூசி மைக் துளையை அடைக்கும், காய்ந்த மென்மையான பிரஷால் தட்டிவிட வேண்டும், ஈரத்துணி ஆகாது. நம்ம பக்கத்துப் பனிக்கும் பேக்கரி ஆவிக்கும் இரவில் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு ஸ்டிக்கர் உள்ள 13ஆம் இலக்க பெட்டரி என்றால் ஏறத்தாழ ஒன்று இரண்டு வாரம் வரும். ஸ்டிக்கரை உரித்தபின் போடாமல் வைத்தாலும் தீர்ந்துபோகும், ஆகவே மாற்று பெட்டரியை உரிக்காமலே பையில் வைத்திருக்க வேண்டும்.