கிட்னி கல் எடுத்த பிறகு பால், தயிர், கால்சியம் மாத்திரை எல்லாம் நிறுத்தணுமா?

நெல்லிமரம் கேட்டது:
அம்மாவுக்கு 56 வயது. சிறுநீர்க்குழாயில் இருந்த 7 மி.மீ. கல்லை எடுத்தாயிற்று, பரிசோதனையில் கால்சியம் ஆக்ஸலேட் என்று வந்தது. எலும்பு அடர்த்தி குறைவு என்பதால் எலும்பு டாக்டர் எழுதிய கால்சியம் மாத்திரையை இரவு படுக்கப் போகும்போது போடுகிறார். "கல்லே கால்சியம், இதில் மாத்திரை வேறயா?" என்று வீட்டில் பாலையும் தயிரையும் நிறுத்திவிட்டார்கள். தக்காளியும் போயிற்று. எது சரி?

சோற்றுக்கணக்கு:
பாலையும் தயிரையும் முதலில் திரும்பக் கொடுங்கள். இந்தக் கல்லில் கால்சியத்துக்குக் கூட்டாளி ஆக்ஸலேட். கீரை, முந்திரி, பாதாம், பீட்ரூட்டில் இருந்து வரும் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே கால்சியம் பிடித்துக்கொண்டால் இரண்டும் மலத்தோடு போய்விடும். பிடிக்க ஆள் இல்லையென்றால் ஆக்ஸலேட் ரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வரும்.

2002இல் வெளியான இத்தாலிய ஆய்வில், அடிக்கடி கல் வந்த 120 ஆண்களை 5 ஆண்டு கவனித்தார்கள். கால்சியத்தைத் தினம் 400 மி.கி.யாகக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல். 1,200 மி.கி. சாப்பிட்ட 60 பேரில் 12 பேருக்குத்தான். இரண்டாம் குழுவுக்கு உப்பும் இறைச்சியும் குறைத்திருந்தார்கள், அதனால் பெருமை முழுக்கக் கால்சியத்துக்குப் போகாது. ஆனால் கால்சியத்தைக் குறைத்ததால் ஒரு லாபமும் இல்லை என்பது தெளிவு.

உப்பைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. சோடியத்தை வெளியேற்றும்போது சிறுநீரகம் கால்சியத்தையும் சேர்த்து விடுகிறது. ஒரு டீஸ்பூன் உப்பு கூடினால் சிறுநீரில் சுமார் 40 மி.கி. கால்சியம் கூடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, உப்பு போட்ட மோர் எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமைத் தாண்டாமல் பாருங்கள்.

தக்காளியில் ஆக்ஸலேட் குறைவு. அதன் விதை கல்லாகப் போய் உட்காரும் என்பதும் கட்டுக்கதை. ரசம் வைக்கலாம், உப்பைக் குறைத்து.

மாத்திரை டப்பா:
தவறு மாத்திரை போடும் நேரத்தில் இருக்கிறது. வெறும் வயிற்றில் படுக்கும்போது போட்டால் பிடிக்க அங்கே ஆக்ஸலேட் இல்லை. உறிஞ்சப்பட்ட கால்சியம், சிறுநீர் கெட்டியாகும் ராத்திரியில் இறங்கும். மதியமோ இரவோ சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள்.

அட்டையில் "கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி." என்றால் உள்ளே இருக்கும் கால்சியம் 500 மி.கி.தான். கால் லிட்டர் பால் 300, ஒரு கிண்ணம் தயிர் 250 அளவில் தரும். மற்ற சாப்பாட்டையும் கூட்டினால் மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் தேவையான 1,200 மி.கி.க்கு ஒரு மாத்திரையே தாராளம். இரண்டு வேண்டாம். அமிலத்துக்குப் பாண்டோபிரசோல் தொடர்ந்து போடுபவருக்குக் கார்பனேட் சரியாக உறிஞ்சப்படாது. சிட்ரேட் வகை பொருத்தமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

வாரம் ஒரு முறை 60,000 யூனிட் வைட்டமின் டி எழுதியிருந்தால் எத்தனை வாரம் என்று பாருங்கள். பலர் எட்டு வாரச் சீட்டை வைத்து மாதக்கணக்கில் வாங்குகிறார்கள். வைட்டமின் சி 1,000 மி.கி. மாத்திரை இருந்தால் நிறுத்துவதே நல்லது, அது உடம்பில் ஆக்ஸலேட்டாக மாறும்.

நெல்லிமரம்:
நன்றி. கேழ்வரகுக் கூழ், கீரை, வாழைத்தண்டு? தண்ணீர் எவ்வளவு?

சோற்றுக்கணக்கு:
கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மி.கி. அளவு கால்சியம் உண்டு, ஆக்ஸலேட்டும் உண்டு. கூழில் மோர் ஊற்றினால் கணக்கு சரியாகும். பாலக்கை விட்டுவிடலாம், ஆசைப்பட்டால் நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தயிரோடு. வெந்தயக்கீரைக்கு இந்தக் கவலை இல்லை.

வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாம், அதை நம்பி மற்றதை விடக் கூடாது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ஏறும் கழிவு) ஏறியிருந்தால் பொட்டாசியம் காரணமாக அதுவும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு உப்பில்லாமல் நல்லது, கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட் கிடைக்கும்.

குடிப்பதை விடச் சிறுநீரை அளப்பது மேல்: நாளுக்கு 2.5 லிட்டர் வெளியே வரணும். சித்திரை வெயிலில் அதற்கு 3.5 லிட்டர் குடித்தாலும் போதாமல் போகும். படுக்கும் முன் ஒரு டம்ளர், ராத்திரி எழுந்தால் இன்னொன்று.

பின்கட்டு:
ரத்தத்தில் கால்சியம் பார்த்தீர்களா? அதிகமாக இருந்தால் பாராதைராய்டு (கழுத்தில் இருந்து ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் சுரப்பி) ஹார்மோனும் பார்க்கணும். அந்தச் சுரப்பிக் கோளாறு எலும்பையும் அரிக்கும், கல்லையும் தரும். அது இருக்கும்வரை மேலே சொன்ன கணக்கு பொருந்தாது, மாத்திரையை டாக்டர்தான் முடிவு செய்யணும்.

24 மணி நேரச் சிறுநீர் சோதனையும் கேளுங்கள். காலை எழுந்ததும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அடுத்ததிலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை கேனில். அன்றைக்கு மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரிப்போர்ட் பொய் சொல்லும். வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, எலுமிச்சையும் வாழைத்தண்டும் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரி.